பராசரனின் ஒப்பீட்டு அட்டவணை

பராசரன் ஒரு பொருளை வாங்கினார் என்றால் அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. வாங்கி முடிப்பதற்குள் அந்தப் பொருளுக்கான தேவை தீர்ந்துபோயிருக்கும் என்பது ஒன்றுதான் குற்றம். மைசூர் ஹெப்பாலில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் முப்பத்துநான்கு வருஷம் உட்கார்ந்திருந்தவர் அவர். அங்கே மூன்று கொட்டேஷனுக்குக் குறைந்து எதையும் வாங்கக் கூடாது என்று விதி. விற்க வருகிறவர்களுக்குப் பெயரெல்லாம் கிடையாது, எல்லோரும் 'பார்ட்டி'தான். ஒன்றாம் பார்ட்டி, இரண்டாம் பார்ட்டி, மூன்றாம் பார்ட்டி என்று மேலே வரிசையாக எழுதி, இடப்பக்கம் தரம், உத்தரவாதம், வந்து சேரும் நாள் என்று இறக்கிக்கொண்டே போய், கட்டம் கட்டமாக நிரப்பினால் அது ஒப்பீட்டு அட்டவணை. தணிக்கைக்கு வருகிறவர்கள் அந்த அட்டவணையைத்தான் முதலில் கேட்பார்கள். பராசரன் போட்ட அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒருவர்கூட வாய் திறந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு, நியாயமான பெருமைதான்.

ஆனால் ஆபீஸ் பழக்கத்தை ஆபீஸ் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருகிற ரகமில்லை அவர். ஜெயலட்சுமிபுரம் வீட்டுக்கு மிக்ஸி வாங்க நாலு மாதம் எடுத்துக்கொண்டார். அந்த நாலு மாதமும் பத்மாஸினி தேங்காயும் மிளகாயும் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் அரைத்துக்கொண்டு வந்தாள். மகள் சின்மயி கல்லூரிக்குப் போய்வர ஒரு ஸ்கூட்டர் கேட்டாள். அட்டவணை முடிந்து வண்டி வீட்டுக்கு வந்தபோது அவள் கடைசி வருஷத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது அந்த வீட்டில் வழக்கம். சிரித்தே பழகிவிட்டதால், இதில் அழுவதற்கும் ஏதாவது இருக்கும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பத்மாஸினி கணக்கு டீச்சர். வொண்டிகொப்பலில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் இருபத்தொன்பது வருஷம். வீட்டில் மேல்கோட்டை ஐயங்கார்கள் பேசுகிற மண்டயம் தமிழ், வகுப்பில் நல்ல கன்னடம். இரண்டுக்கும் ஒரே குரல். அந்தக் குரலைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. அவள் கத்த மாட்டாள். சாதாரணமாகப் பேசுவாள், கடைசி பெஞ்சில் சுவரில் சாய்ந்து தூங்கத் தயாராகிறவன் நிமிர்ந்து உட்காருவான். பக்கத்து வகுப்பின் சமூக அறிவியல் டீச்சர் ஒருமுறை தலைமையாசிரியரிடம் புகாரே செய்தாள். தான் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது தன் பிள்ளைகள் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்கிற கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது புகார். பத்மாஸினி அதைப் பதக்கம் போலச் சொல்லிக்கொள்வாள்.

போன மே மாதம் அவள் ஓய்வு பெற்றாள். ஜூன் முதல் வாரத்திலேயே, சின்மயி கல்யாணமாகிப் புனேக்குப் போனதால் காலியாகக் கிடந்த அறையில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினாள். செல்போனை நிற்க வைக்க ஒரு முக்காலி வாங்கினாள். பத்தாம் வகுப்பில் கணக்கு என்றாலே வயிற்றைக் கலக்குகிற பிள்ளைகளுக்காக, ஒவ்வொன்றும் பத்து நிமிஷத்தில் முடிகிற மாதிரி, நாற்பது பாடம். எந்தப் பாடத்துக்கு எந்தக் கணக்கு என்று ஒரு நோட்டில் எழுதி முடித்தாயிற்று. யூடியூபில் போட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். பாஸ் பண்ணினால் போதும் என்கிற பிள்ளை பாஸ் பண்ணிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

நாலு பாடம் எடுத்ததும் செல்போனைக் கொண்டுவந்து கணவரிடம் நீட்டினாள்.

"ஏன்னா, நடுநடுவுல குக்கர் சத்தம் வர்றது. நான் தப்பாப் போட்டு அழிச்சதும் இருக்கு. அதை மட்டும் வெட்டிக் குடுத்தேள்னா போறும். நம்மாத்துக் கம்ப்யூட்டர்லயே அதுக்கு ஏதோ ஒண்ணு கூடவே வந்திருக்காமே, சின்மயி சொன்னா."

"கூடவே வந்துதுங்கறதுக்காக எடுத்துண்டுடறதா? அப்படி ஒட்டிண்டு வர்றதை யாருமே பாத்து வாங்கறதில்லை, பத்மா. ஒரு மூணு பாத்துட்டுச் சொல்றேன்."

"மூணுதானே? ஆய்த்து, பாருங்கோ" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

வீடியோ வெட்டுகிற மென்பொருளைப் பற்றிப் பராசரனுக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததில் வெட்கப்பட என்ன இருக்கிறது? தொழிற்சாலைக்குள் நுழைந்தபோது அவருக்குப் பேரிங் என்றால் என்னவென்றும் தெரியாதுதான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு எது நல்லது என்று தேடினார். ஐந்து சிறந்தவை, ஏழு சிறந்தவை, பன்னிரண்டு சிறந்தவை என்று பட்டியல்கள் வந்து கொட்டின. ஒன்று முதலாவதாகச் சொன்னதை இன்னொன்று பட்டியலிலேயே சேர்க்கவில்லை. வேறொருவராக இருந்தால் தலை சுற்றி எழுந்து போயிருப்பார். பராசரனுக்கோ ஓய்வு பெற்ற இரண்டு வருஷத்தில் முதல்முறையாக உற்சாகம் வந்தது. புது அட்டவணை ஒன்றைத் திறந்தார்.

கம்ப்யூட்டரோடு கூடவே வந்தது ஒன்றாம் பார்ட்டி. திறந்தால் பத்துப் பன்னிரண்டு பொத்தான்கள்தான் இருந்தன. இவ்வளவு சுலபமாக இருப்பது அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. குறிப்பில் 'குழந்தைத்தனம்' என்று எழுதினார். இரண்டாம் பார்ட்டி சினிமாக்காரர்களே உபயோகிப்பது, இலவசம்கூட. அதைத் திறந்ததும் வீட்டுக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது, பிறகு நின்றே போனது. மூன்றாம் பார்ட்டி எல்லாவற்றையும் அழகாகச் செய்துவிட்டு, கடைசியில் தன் பெயரைப் பத்மாஸினியின் நெற்றிக்கு மேலே பெரிதாக முத்திரை குத்திக் கொடுத்தது. நாலாம் பார்ட்டியை ஏழு நாள் சும்மா உபயோகிக்கலாம், எட்டாம் நாள் கதவு சாத்திவிடும். அந்த ஏழு நாளும் அவர் அதன் உதவிக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் பார்ட்டி கிட்டத்தட்டத் தேர்வாகிவிட்டது. ஆனால் தலைப்பைக் கன்னடத்தில் அடித்துப் பார்த்தபோது, எழுத்துக்கு அடியில் ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒத்தெழுத்துகள் கீழே தொங்காமல் தனித்தனியாக விலகி நின்றன. கணக்கு டீச்சர் எழுத்துப் பிழையோடு ஊருக்கு முன்னால் நிற்பதா என்று அதையும் பட்டியலிலிருந்து நீக்கினார்.

ஜூலை பாதியில் ஒன்பது பார்ட்டிகளும் இருபத்தேழு வரிசைகளும் ஆகியிருந்தன. அதற்குள் பத்மாஸினி பதினோரு பாடங்கள் எடுத்துவிட்டிருந்தாள். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தபோதுதான் பராசரன் ஒன்றைக் கவனித்தார். ஐந்து பாடங்களில் செல்போன் நிமிர்ந்து நின்றிருக்கிறது, ஆறில் படுத்திருக்கிறது. ஒன்றில் நொடிக்கு முப்பது படம், இன்னொன்றில் அறுபது. சில மென்பொருட்களில் இதெல்லாம் ஒத்துப்போகாது என்று எங்கோ படித்திருந்தார். தொழிற்சாலையில் இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வார்களோ அதையே செய்தார். அளவும் தரமும் முடிவாகி எழுத்தில் வருகிறவரை சரக்கு அனுப்ப வேண்டாம் என்று பார்ட்டிக்குக் கடிதம் போகும். இங்கே கடிதம் இல்லை, வாயால் சொன்னார்.

"ஸ்பெசிஃபிகேஷன் முடிவாகட்டும், பத்மா. அதுவரைக்கும் மேற்கொண்டு எடுக்க வேண்டாம். எடுத்தா எல்லாம் வீணாப் போயிடும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஸ்வல்ப நாள்தான். ரெண்டு வாரம்னு வெச்சுக்கோ."

அவள் பலகையைத் துடைத்து, மார்க்கர்களுக்கு மூடி போட்டு வைத்தாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் கண்ணாடி முன்னால் பொட்டு வைத்துக்கொள்ளும்போது கழுத்தில் ஏதோ தட்டுப்படுகிறது என்றாள். தைராய்டில் கட்டி. ஊசி குத்திப் பார்த்தார்கள், சந்தேகமாக இருக்கிறது, எடுத்துவிடுவதே நல்லது என்றார்கள். ஆபரேஷன் தசரா முடிந்த பிறகு என்று நாள் குறித்தாயிற்று. டாக்டர் எதையும் மறைக்கவில்லை. குரலுக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டிக்குப் பின்னாலேயே ஓடுகிறது, எவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்தாலும் நூற்றில் ஒருவருக்குக் குரல் மாறலாம், மாறினாலும் முக்கால்வாசிப் பேருக்குச் சில மாதங்களில் திரும்பிவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். பராசரனின் காதில் 'நூற்றில் ஒருவர்' என்பது விழுந்தது. அது அவருக்குத் தைரியமாக இருந்தது.

செப்டம்பர் நடுவில் ஒரு காலை நேரம். பராசரன் காப்பியோடு கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். ஆறாம் பார்ட்டிக்கும் எட்டாம் பார்ட்டிக்கும் நடுவில் அவருக்கு ஒரே இழுபறி. பத்மாஸினி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் அந்த நோட்டு.

"ஏன்னா, இன்னும் இருபத்தொம்பது பாடம் இருக்கு. ஒரு நாளைக்கு ரெண்டுன்னு எடுத்தா பதினஞ்சு நாள். ஆபரேஷனுக்கு முன்னாடி முடிச்சுடட்டுமா?"

"இப்போவா? எதுவுமே முடிவாகலையே. நிக்கற வாட்டமா, படுக்கற வாட்டமான்னுகூட ஃபிக்ஸ் பண்ணலை. நாளைக்கு மறுபடியும் முதல்லேர்ந்து எடுக்கும்படியாயிடும்."

"மறுபடியும் எடுக்க முடியாமப் போய்ட்டா?"

"டாக்டர் ஒரு பர்சென்ட்னுதானே சொன்னார்?"

"கணக்கு டீச்சர்கிட்டயே பர்சென்ட் சொல்றேளா? நூத்துல ஒருத்தின்னா, அந்த ஒருத்தியும் யாராத்துலயோ இருக்கறவதானே?"

"அபசகுனமாப் பேசாதே. ஆபரேஷன் ஆகட்டும், ஆத்துக்கு வந்து நிதானமா எடுக்கலாம். அதுக்குள்ள நான் இதை முடிச்சுடறேன்."

பத்மாஸினி நோட்டை மூடினாள். பிறகு "ஆய்த்து" என்று எழுந்து, அடுப்பில் இருந்த சாத்தமுதைக் கவனிக்கப் போனாள்.

இதைத்தான் பராசரன் இப்போது திரும்பத் திரும்ப நினைக்கிறார். பலகை அவளுடையது, செல்போன் அவளுடையது, அறையும் காலி. அவரைக் கேட்காமலே எடுத்திருக்கலாம். அவர் ஏரிக்கரைக்கு நடக்கப் போகிற ஒரு மணி நேரம் போதும். எடுக்கவில்லை. பயந்து அல்ல, அவருக்குப் பயப்படுகிறவள் இல்லை அவள். அவர் சொன்னால் அதில் ஏதோ நியாயம் இருக்கும் என்று நம்பினாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் வாங்கிப் போட்ட எதுவும் கெட்டுப்போனதில்லை என்பதால் வந்த நம்பிக்கை அது. திட்டியிருந்தாலோ சண்டை போட்டிருந்தாலோ இவ்வளவு உறுத்தியிருக்காது. நம்பினாளே என்பதுதான் அவரைப் போட்டு அறுக்கிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியைச் சோதித்ததில் கெட்டது ஒன்றுமில்லை என்று வந்தது. புனேயிலிருந்து வந்திருந்த சின்மயி ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பராசரனும் பெருமாளை நினைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே போனபோது பத்மாஸினி கண் விழித்திருந்தாள். உதடு அசைந்தது. குடிக்கத் தீர்த்தம் வேண்டுமென்று கேட்கிறாள் என்பது உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. வெறும் காற்றுதான் வந்தது. மயக்க மருந்துக் குழாய் போட்டதால் இருக்கும், இரண்டு நாளில் சரியாகும் என்று மகளுக்கு அவரே தைரியம் சொன்னார்.

இரண்டு நாள் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. டாக்டர் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு பக்கத்துக் குரல்நாண் அசையவில்லை, காத்திருப்போம், பயிற்சி செய்யட்டும் என்றார். வாரம் இருமுறை பேச்சுப் பயிற்சிக்குப் போனார்கள். வீட்டில் காலையில் ஒரே மூச்சில் ஒன்று முதல் இருபதுவரை எண்ண வேண்டும். பத்மாஸினி ஒழுங்கான மாணவியாக எண்ணினாள். பதினான்கைத் தாண்டவில்லை. டிசம்பரில் காற்றோடு கொஞ்சம் குரல் சேர்ந்தது. கரகரவென்று, பாதி வார்த்தையில் அறுந்து அறுந்து, பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் கேட்கிற குரல். இதற்கு மேல் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

போன் வந்தால் எடுக்க மாட்டாள், அவரிடம் நீட்டிவிடுவாள். சமையலறையிலிருந்து அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவாள். தெருக்கோடிவரை எட்டுகிற குரலால் "ஏன்னா" என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். அந்த டங் டங் சத்தம் கேட்டதும் பராசரன் எங்கிருந்தாலும் ஓடி வருவார். ஓடி வந்து என்ன? முன்பு நாலு தடவை கூப்பிட்ட பிறகு வந்த மனிதர்தானே.

அட்டவணையை அவர் அக்டோபருக்குப் பிறகு திறக்கவில்லை. டிசம்பர் கடைசியில் ஒரு மத்தியானம், பத்மாஸினி படுத்திருந்தபோது, என்னவோ தோன்றிக் கம்ப்யூட்டரைப் போட்டார். ஒன்றாம் பார்ட்டியைத் திறந்தார், அந்தக் குழந்தைத்தனமானதை. முதல் பாடத்தை உள்ளே இழுத்து விட்டார். குக்கர் சத்தம் வருகிற இடத்தில் வெட்டினார், தப்பாகப் போட்டு அழித்த இடத்தில் வெட்டினார், மிச்சத் துண்டுகளை ஒட்டினார். கன்னடத்தில் தலைப்பு அடித்தார். ஒத்தெழுத்துகள் ஒழுங்காக அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. நிமிர்ந்து எடுத்த பாடம் ஒன்றையும் படுத்து எடுத்த பாடம் ஒன்றையும் பக்கத்தில் இழுத்து விட்டுப் பார்த்தார், அதுவே சரிசெய்துகொண்டது. எல்லாம் இருபது நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்தார், இருபது நிமிஷம்தான். ஜூன் மாதம் அவள் செல்போனை நீட்டிய அன்றைக்கே, அடுத்த காப்பி வருவதற்குள் முடிந்திருக்கக் கூடிய வேலை. பராசரனுக்குத் தன்மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமில்லை. அந்த அட்டவணையைத் தேடி எடுத்து அழித்தார். அழித்ததால் ஒன்றும் ஆறவில்லை.

ஒரு வாரத்தில் பதினோரு பாடங்களும் தயாராயின. அந்த ஒரு வாரமும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் வேலை செய்தார். அடுத்த அறையில் இருக்கிறவளுக்கு அவளுடைய பழைய குரல் கேட்டுவிடக் கூடாதே என்ற பயம். ஒரு நாள் ஹெட்போன் ஒயர் கழன்றதைக் கவனிக்கவில்லை. "பயப்படாதீங்க, இது வெறும் கூட்டல்தான்" என்று கன்னடத்தில் கணீரென்று வீடு முழுக்க எழுந்தது குரல். திரும்பிப் பார்த்தால் பத்மாஸினி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருன்னா அது, இப்படிக் கத்தறா?" என்றாள் அந்தக் காற்றுக் குரலில்.

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். பராசரனால் சிரிக்க முடியவில்லை. திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஜனவரி பொங்கலுக்குப் பிறகு பாடங்களை யூடியூபில் ஏற்றினார். பழைய மாணவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர் என்று பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் கேட்டார்கள், அடுத்தது எப்போது? சாமராஜநகரிலிருந்து மீனா என்றொருத்தி, பத்மாஸினியிடம் இருபது வருஷத்துக்கு முன் படித்தவள், கன்னடத்தில் நீளமாக எழுதியிருந்தாள். தன் மகன் இப்போது பத்தாவது என்றும், கணக்கு நோட்டை எடுத்தாலே அழுகிற பிள்ளை மிஸ்ஸின் பதினோரு பாடங்களையும் மூன்று மூன்று தடவை பார்த்துவிட்டு அந்தக் கணக்குகளைத் தானே போடுகிறான் என்றும், மார்ச்சில் பரீட்சை, மீதிப் பாடங்களைச் சீக்கிரம் போடுங்கள் மிஸ் என்றும் எழுதியிருந்தாள். பராசரன் அதை மனைவிக்கு வாசித்துக் காட்டினார். வாசிக்கும்போதே ஏன் வாசிக்கத் தொடங்கினோம் என்று இருந்தது. பதில் எழுத உட்கார்ந்து, எழுதி எழுதி அழித்தார்.

இரண்டு நாள் கழித்துப் பத்மாஸினியே வந்து சொன்னாள்.

"நான் எடுக்கறேன்னா. இந்தக் குரல்லயே எடுக்கறேன். கணக்குதானே, பாட்டா பாடப்போறேன்?"

பராசரனுக்கு எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மன்னிப்பே கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். சட்டையில் குத்திக்கொள்கிற சின்ன மைக் ஒன்றை அன்றைக்கே கடைக்குப் போய், கடைக்காரர் முதலில் காட்டியதையே வாங்கிக்கொண்டு வந்தார்.

பன்னிரண்டாம் பாடம் இருபடிச் சமன்பாடு. பத்மாஸினி பள்ளிக்குக் கட்டிக்கொண்டு போகிற பருத்திப் புடவையைக் கட்டிக்கொண்டு, தலை வாரி, பலகை முன்னால் நின்றாள். ஃபேனை நிறுத்தினார்கள், ஜன்னலைச் சாத்தினார்கள். பத்து நிமிஷப் பாடத்தை எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மூன்று வரிக்கு ஒருமுறை நிறுத்தி வெந்நீர் குடித்தாள். நெற்றி வியர்த்தது. ஒரு வார்த்தை அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து, "புரியறது இல்லையா? பையனுக்குப் புரியுமா?" என்று கேட்டாள். "நன்னாப் புரியறது" என்றார் அவர். பொய்யில்லை, புரிந்தது. மிகவும் கவனித்துக் கேட்டால் புரிந்தது.

சாப்பிட்ட கையோடு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். அவளும் பார்க்க வேண்டுமென்று பக்கத்தில் உட்கார்ந்தாள். இருமிய இடம், வெந்நீர் குடித்த இடம் எல்லாவற்றையும் வெட்டி எடுத்தார். இப்போது கை பழகியிருந்தது. போட்டுப் பார்த்தபோது அவள் குரலுக்கு அடியில் ஃபிரிட்ஜின் ரீங்காரம் லேசாகக் கேட்டது. இவ்வளவு கஷ்டப்பட்டுப் பேசியிருக்கிறாள், அந்தக் குரலாவது தெளிவாகக் கேட்கட்டுமே என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான். பக்கவாட்டில் 'இரைச்சலை நீக்கு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினார். நீலக்கோடு ஒன்று ஓடி முடிந்தது. ஓட்டிப் பார்த்தார்.

திரையில் பத்மாஸினியின் வாய் அசைந்தது. கை பலகையில் எக்ஸ் ஸ்குவேர் எழுதியது. சத்தமே இல்லை. ஃபிரிட்ஜ் போயிருந்தது, அவளும் போயிருந்தாள். எங்கோ ஓரிடத்தில் 'ஆ' என்று ஒரு துண்டு எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. மறுபடியும் வாய் மட்டும் அசைந்தது. அந்த மென்பொருள் அவள் குரலை இரைச்சல் என்று முடிவு செய்து மொத்தமாக வழித்து எடுத்துவிட்டிருந்தது.

பராசரனுக்குப் புரிந்து, அவர் மௌஸைத் தேடிப் பிடிப்பதற்குள் அவளுக்கும் புரிந்துவிட்டது. பத்மாஸினி கோபப்படவில்லை. திரையில் தன் உதடுகள் அசைவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஏன்னா, இதுக்கு மட்டும் யோசிக்கவே இல்லையே நீங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அதில் குத்தலும் இல்லை, உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுச் சொன்ன மாதிரிதான் இருந்தது. பராசரன் மௌஸை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"தப்புப் பண்ணிட்டேன், பத்மா. இன்னிக்குப் பண்ணினதைச் சொல்லலை. நீ நோட்டை எடுத்துண்டு வந்து பக்கத்துல உக்காந்தியே, அன்னிக்கு. எடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும் நான்."

"தெரியும்" என்றாள் பத்மாஸினி. "சொல்லலையே."

பொத்தானைத் திருப்பி அமுக்கியதும் குரல் வந்துவிட்டது, கரகரப்பும் ரீங்காரமுமாக. அப்படியே ஏற்றினார். ஆனால் அவளுக்குள் ஏதோ ஒன்று அன்றோடு போனது போனதுதான். மறுநாள் பதிமூன்றாவதை எடுக்கலாமா என்று மெதுவாகக் கேட்டபோது அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். அதற்கடுத்த வாரமும் ஆட்டினாள்.  மூன்றாம் தடவை கேட்க மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போனவர், அவள் கீரை ஆய்வதைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்பி வந்தார்.

பிப்ரவரி கடைசியில் மீனா மறுபடியும் எழுதினாள், பரீட்சைக்கு இருபத்தைந்து நாள்தான் இருக்கிறது, மிஸ்ஸுக்கு உடம்பு சரியில்லையா, பன்னிரண்டாவதில் குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்று. பராசரன் இந்தத் தடவை எழுதி அழித்துக்கொண்டிருக்கவில்லை. மிஸ் இப்போது நன்றாக இருக்கிறார், ஆனால் மீதி இருபத்தெட்டுப் பாடங்கள் வராது, பையனுக்கு வேறு டீச்சரைப் பாருங்கள் அம்மா என்று கன்னடத்தில் எழுதினார். அதன் கீழே இன்னொரு வரி எழுதினார். மிஸ்ஸுக்குக் குரல் இருந்தபோது எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன் என்றுதான் சொன்னார், வேண்டாமென்று நிறுத்திவைத்தது நான். கீழே தன் பெயரை முழுதாகப் போட்டு அனுப்பிவிட்டு, கரண்டிச் சத்தம் கேட்டுச் சமையலறைக்கு எழுந்து போனார்.